பத்து லிட்டர் டேங்குக்கு இருபது கிராம்

உங்கள் இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். அம்மா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், கடைசிப் பக்கத்தில் இருப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குத் தெரியும். போன அரையாண்டு லீவில் நாம் காட்டு லாட்ஜுக்குப் போய்வந்ததைப் பற்றி யார் கேட்டாலும், "மூணு நாள் இருந்தோம், புலி வரல" என்று சொல்லி நீங்கள் நிறுத்திக்கொள்கிறீர்கள். சொல்லாமல் விட்ட மிச்சத்துக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் பெரியவள் கோயம்புத்தூர் ஸ்டேஷனில் ஒரு கேள்வி கேட்டாள். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன். பேசும்போது எனக்குப் பொய் சட்டென்று வந்துவிடுகிறது. எழுதும்போது கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கிறது.

நம் கடையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் எழுத ஆரம்பித்தால் முதலிலிருந்துதான் வருகிறது. நீடாமங்கலம் கடைத்தெருவில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. நான் படித்தது பன்னிரண்டாவது. அதற்கப்புறம் கடை லைசென்சுக்காக ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் ஒரு டிப்ளமோ வாங்கினேன். வேலை இவ்வளவுதான்: விவசாயி வயலிலிருந்து நேராக வருவார். சட்டைப் பையிலிருந்து நாலு நெல் இலையை எடுத்து மேசை மேல் போடுவார். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். நான் இலையை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பிப் பார்ப்பேன். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைப்பேன். "பத்து லிட்டர் டேங்குக்கு இத்தனை" என்பேன். அவர் கிளம்பிவிடுவார். இருபது வருஷமாக இதைச் செய்து செய்து, இலையைக் கண்டால் வாய் தானாக அளவு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் ஒரு மருந்துக் கம்பெனி வைத்த டார்கெட்டை நம் கடை தொட்டுவிட்டது. முந்தின வருஷம் குக்கர் கொடுத்தார்கள், அதற்கு முந்தி டிராலிப் பெட்டி. இந்தத் தடவை குடும்பத்தோடு மூன்று நாள் காடு. ஒரு புழு பூச்சி மிஞ்சாத அளவுக்கு மருந்து விற்றதற்குப் பரிசாக, புழு பூச்சி எல்லாம் சுகமாக இருக்கிற இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். கூடவே நாலு டீசர்ட். முன்பக்கம் நெஞ்சில் கம்பெனிப் பெயர். முதுகில் மல்லாந்து செத்துக் கிடக்கிற ஒரு பச்சைப் புழு.

இனி, முதல் நாள் சாயங்காலம் நடந்தது. அந்த லாட்ஜில் காட்டைப் பற்றி எடுத்துச் சொல்ல ஒரு தம்பி இருந்தார், நேச்சுரலிஸ்ட் என்று பெயர். பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், வயது இருபத்தைந்து இருக்கலாம். எல்லோரையும் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். வயலில் அடிக்கிற மருந்தால் தும்பி போயிற்று, தவளை போயிற்று, அதைத் தின்கிற பறவையும் போயிற்று என்று ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆள் கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அது முடிந்ததும் பஜ்ஜி வந்தது. தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார் எந்த ஊரு?"

"நீடாமங்கலம். தஞ்சாவூர்ப் பக்கம்."

"நெல்லா சார்?"

"நெல்லுதான்."

இதுவரைக்கும் பொய்யில்லை. நமக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருக்கிறோம்.

"இயற்கை விவசாயமா சார்?"

வாயில் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி. தலை ஆடியது. சூட்டுக்கு ஆடியது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் பஜ்ஜியை முழுங்கின பிறகும் நான் அதைத் திருத்தவில்லை. அந்தத் தம்பி தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உரக்கடைக்காரன் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. கடனுக்குக் கேட்கிறவர்கள்கூடத் தோளைத்தான் தொடுவார்கள். அந்தப் பிடியிலிருந்து கையை உருவ எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால், அன்றைய சமையல் எழுதுகிற கரும்பலகையில் ரசத்துக்கும் பாயசத்துக்கும் கீழே எழுதியிருந்தார்: "இன்று நம்மோடு தஞ்சை இயற்கை விவசாயி குடும்பம்."

ரூமுக்கு வந்ததும் பெரியவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"நான் எங்கேம்மா சொன்னேன். அந்தத் தம்பியா சொல்லிக்கிட்டாரு."

"இல்லன்னு சொல்லலாம்ல?"

"சொல்லிடறேன். கிளம்பறதுக்குள்ள சொல்லிடறேன்."

சின்னவன் கட்டிலில் குதித்துக்கொண்டே, "இயற்கை விவசாயி வாழ்க" என்றான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள், ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் வைத்தாள்.

இரண்டாம் நாள் முழுக்க நான் சொல்லவில்லை. சொல்லச் சமயம் வாய்க்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். சமயம் ஏழெட்டுத் தடவை வந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த கணவன் மனைவி இரண்டு பேரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்கிறவர்களிடம் போய் நான் மருந்து விற்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

ஆகமொத்தம் மூன்றாம் நாள் காலைதான் மிச்சம் இருந்தது. காலையில் கடைசி ஜீப் சவாரி, வந்து டிபன், பதினோரு மணிக்கு வேன். அதற்குள் சொல்லவேண்டும். பெரியவள் கண் முன்னால் சொல்லவேண்டும். அவள் அதை மறக்கவில்லை என்று எழுந்திருக்கும்போதே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் சிக்கல் பெட்டியைத் திறந்ததும் வந்தது. சுத்தமான துணி தீர்ந்துவிட்டது. அடியில் கிடந்தது அந்த நாலு டீசர்ட்.

"என்னங்க, இதத் தவிர வேற ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் ஜீப்பு மண்ணு."

"இதப் போட்டுக்கிட்டு எப்படிப் போறது. முதுகுல புழு கெடக்கு."

"உள்பக்கத்த வெளிய திருப்பிப் போடுங்க."

"தையல் தெரியுமே."

"மேல ஸ்வெட்டர்தானே போடப்போறோம். இயற்கை விவசாயி உள்ள என்ன போட்டிருக்காருன்னு யாரு வந்து பாக்கப்போறா."

சின்னவன் போட்டுப் பார்த்துவிட்டு, "கழுத்துல உறுத்துதும்மா" என்றான். பெரியவள் கண்ணாடி முன்னால் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"அப்பா உண்மையச் சொல்லிட்டா எல்லாரும் நேராவே போட்டுக்கலாம்."

"சொல்றேம்மா. டிபன் சாப்பிடறப்ப சொல்லிடறேன்" என்றேன்.

ஜீப்பில் அந்தத் தம்பி முன்னால் உட்கார்ந்தார். குளிர் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டது. நம் ஊர் மார்கழிப் பனியெல்லாம் இதன் கால்தூசிக்குக் காணாது. மங்கி குல்லாவுக்குள் என் காது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். பேசக்கூடாது, அசையக்கூடாது என்று உத்தரவு. புலி நேற்றுக் காலை இந்தப் பாதையில்தான் நடந்தது என்று காலடித் தடத்தைக் காட்டினார். முந்தின நாளும் அதே தடத்தைத்தான் காட்டினார் என்று சின்னவன் என் காதில் சொன்னான். அரை மணி கழித்து ஜீப் நின்றது. எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். புதரிலிருந்து ஒரு ஆண் மயில் வெளியே வந்து, தோகையை இழுத்துக்கொண்டு பாதையைக் கடந்தது.

அம்மா என் முழங்கையை இடித்தாள். "நம்ம கொல்லையில நிக்குதே, அதுதானே இது?"

"சும்மா இரு."

"இல்ல, கேட்டேன். இதப் பாக்க ஒரு ரயிலு, ரெண்டு வேனு."

தம்பி திரும்பி என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "சார் வயலுக்கும் மயில் வருமா?"

"வரும்."

"விரட்டமாட்டீங்களே?"

"சேச்சே" என்றேன். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் நம் குத்தகைக்காரர் கடைக்கு வந்து, நாற்றங்காலை மயில் மிதித்துக் கூழாக்கிவிட்டது, ஏதாவது வெடி கிடி இருக்கிறதா என்று கேட்டார். நானே பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். சின்னவனுக்கு அது தெரியும். அவனுக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

புலி வரவில்லை. திரும்பி வந்து டிபனுக்கு உட்கார்ந்தோம். பெரியவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். எழுந்ததைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டார்.

"சார் நம்மகிட்ட ரெண்டு வார்த்தை பேசப்போறாரு."

சமையல்கட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். தம்பி உள்ளே ஓடிப்போய் ஒரு சான்றிதழை எடுத்துவந்தார். தடித்த தாள், ஓரத்தில் மூங்கில் படம், என் பெயர், அதற்குக் கீழே பெரிதாக "இயற்கை விவசாயி", அதற்குக் கீழே சிறிதாக "காட்டின் நண்பர்". பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே பரிசு கொடுத்துவிட்டால் மனுஷன் என்ன செய்வான். நான் பேசினேன். நெல்லுக்குத் தண்ணீர் முக்கியம் என்று சொன்னேன். ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்கு வருஷம் என்று சொன்னேன். மண்ணை நாம் பார்த்துக்கொண்டால் மண் நம்மைப் பார்த்துக்கொள்ளும் என்றும் ஒன்று சொன்னேன், அது கம்பெனி காலண்டரில் போட்டிருக்கும். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பெங்களூர் அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெரியவள் கைதட்டவில்லை. இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கைகழுவப் போனாள்.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வேன் வர இன்னும் கால் மணி இருந்தது. அந்த லாட்ஜுக்குத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் வந்து, "சார், கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வயலப் பாத்துட்டுப் போங்க" என்றார். வயல் என்றால், விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று ஓடைக்கரையில் ஒரு பாத்தி நெல் நட்டு வைத்திருந்தார்கள். நம் வீட்டுக் கூடத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தம்பியும் பெங்களூர்க்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள்.

தோட்டக்காரர் குனிந்து நாலு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.

"நட்டு இருபத்தஞ்சு நாளாச்சு சார். ஒரு வாரமா இப்படி வெளுக்குது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. இலையை வெளிச்சத்தில் தூக்கினேன், திருப்பினேன், கையைப் பின்னால் நீட்டினேன். அலமாரி இல்லை. அந்தத் தம்பியின் பைனாகுலர்தான் கையில் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே என் வாய் சொன்னது:

"இலைக்கருகல். பத்து லிட்டர் டேங்குக்கு இருபது கிராம். ஒட்டும் திரவம் பத்து மில்லி. சாயங்காலமாப் பாத்து அடிங்க."

தோட்டக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"என்னது சார் இருபது கிராம்?" என்று கேட்டார் தம்பி. சந்தேகப்பட்டு அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பைனாகுலரை விட்டுவிட்டுத் திரும்பினேன். பெரியவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. "இப்ப சொல்லிடுங்கப்பா, இதவிட நல்ல சமயம் வராது" என்கிற மாதிரிதான் இருந்தது. எனக்கும் அது தெரிந்தது.

"சாணி" என்றேன்.

"சாணியா?"

"பசுஞ்சாணி. கரைச்சு வடிகட்டி அடிக்கறது."

"பத்து லிட்டருக்கு வெறும் இருபது கிராமா சார்?"

"எங்க ஊரு மாட்டுச் சாணி கொஞ்சம் வீரியம்."

"அந்த ஒட்டும் திரவம்?"

"வெல்லப்பாகு."

தம்பி பையிலிருந்து நோட்டை எடுத்து, என் பெயரைப் போட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டார். பெங்களூர்க்காரர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். பெரியவள் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் முன்னால் நடந்ததும் தோட்டக்காரர் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார் மருந்துக்கடைதானே?"

"இல்லீங்க."

"இல்ல சார், எங்க மச்சான் ஊருக் கடைக்காரரும் இதே மாதிரிதான் இலையத் தூக்கிப் பாப்பாரு. கையும் இப்படியே பின்னாடி போகும்."

"எங்கயோ கேள்விப்பட்டதுங்க."

"சரி சார், சரி. டவுனுக்குப் போறப்ப வாங்கிட்டு வந்து தம்பிக்குத் தெரியாம அடிச்சிடறேன். நம்பர் மட்டும் குடுங்க, சந்தேகம்னா கேட்டுக்கறேன்."

கொடுத்தேன். அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். பெரியவள் நாலடி தள்ளித்தான் நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அந்த இலைகளைப் பழக்கத்தில் சட்டைப் பைக்குள், அதாவது திருப்பிப் போட்ட டீசர்ட்டில் பை இல்லாததால் பேண்ட் பைக்குள், வைத்துக்கொண்டேன்.

வேன் கிளம்பியது. எல்லோரும் வாசலில் நின்று கையாட்டினார்கள். மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. ஸ்வெட்டரைக் கழற்றினோம். அப்போதுதான் பார்த்தேன், சின்னவன் முதுகில் பச்சைப் புழு மல்லாந்து கிடந்தது.

"எப்படா நேராப் போட்ட?"

"டிபனுக்கு அப்புறம். தையலு கழுத்த அறுத்துச்சு."

"ஸ்வெட்டர எப்பக் கழட்டின?"

"வண்டியில பெட்டி ஏத்தறப்ப. வேர்த்துச்சு."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"தெரியலப்பா. எல்லாரும் டாட்டா காட்டிக்கிட்டிருந்தாங்க. நான் திரும்பி நின்னு பெட்டியத் தூக்கிக்கிட்டிருந்தேன்."

அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். மேட்டுப்பாளையம் வருகிறவரைக்கும், கொஞ்சம் அடங்கும், அவன் முதுகைப் பார்ப்பாள், திரும்பவும் ஆரம்பிப்பாள். நானும் சிரித்தேன். பெரியவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரம் இருந்தது. அம்மாவும் சின்னவனும் சாப்பாடு வாங்கப் போனார்கள். நானும் பெரியவளும் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம். பெரியவளே, நீ கேட்டதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

"அப்பா, ஸ்கூல் தெறந்ததும் ஒரு ஃபாரம் நெரப்பணும். அதுல தந்தை தொழில்னு ஒரு கட்டம் வரும். என்ன எழுதறது?"

"எப்பவும் என்ன எழுதுவ?"

"உரக்கடை."

"அதேதான்."

"நானும் ஒண்ணாவதுலேருந்து அதத்தாம்ப்பா எழுதறேன். எனக்கு ஒரு தடவைகூட வெக்கமா இருந்ததில்ல. உங்களுக்கு வெக்கமா இருக்குன்னு இப்பதான் எனக்குத் தெரியும்."

தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று நான் எழுந்து போய்விட்டேன். பையில் இரண்டு பாட்டில் முழுசாக இருந்தது, உனக்கும் தெரியும். பிறகு ரயில் வந்தது. நீங்கள் தூங்கிவிட்டீர்கள். நீடாமங்கலத்தில் இறங்கும்போது பளபளவென்று விடிந்திருந்தது. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கித் தலை சாய ஆரம்பித்திருந்தது. நாம் இல்லாத மூன்று நாளில் மருந்து வாங்க வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போயிருப்பார்களே என்று எனக்குக் கவலை வந்தது. ஊர் வந்துவிட்டதென்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் நீ என்னிடம் சரியாகத்தான் பேசினாய். சாப்பாடு போட்டாய், பேனா கேட்டாய். ஆனால் சாயங்காலம் டியூஷன் விட்டு வரும்போது கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்து எதிரில் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பாயே, அது நின்றுபோயிற்று. நான் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய் என்று பயம்.

துணி துவைக்கும்போது அம்மா பேண்ட் பையிலிருந்து அந்த இலைகளை எடுத்து என் முன்னால் போட்டாள். "காட்டுக்குப் போனாலும் தழையோடதான் வருவீங்களா" என்றாள். காய்ந்து சுருண்டிருந்தது. கடைக்கு எடுத்துப் போய் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேளாண்மை ஆபீசர் அம்மா ஸ்டாக் பார்க்க வந்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடக் குனிந்தவர் கண்ணாடிக்கு அடியில் பார்த்தார்.

"எந்த ஊருப் பயிர் இது?"

"மலை மேலங்க மேடம். போயிருந்தப்ப ஒருத்தர் குடுத்தாரு."

"என்னன்னு சொன்னீங்க?"

"இலைக்கருகல்."

அவர் இலையை எடுத்து என்னுடைய மாதிரியே வெளிச்சத்தில் பார்த்தார். ஆனால் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

"கருகல்னா ஓரத்துலேருந்து காஞ்சுக்கிட்டு வரும். இது குறுக்கால பட்டை பட்டையா வெளுத்திருக்கு பாருங்க. அங்க குளிரு எப்படி?"

"ரெண்டு கம்பளி போத்தியும் பல்லு தந்தியடிச்சுது மேடம்."

"உங்களுக்குக் குளிரும், பயிருக்குக் குளிராதா? குளிர்ல வெளுத்தது இது. சாயங்காலம் தண்ணிய கொஞ்சம் ஏத்திக் கட்டினாப் போதும், வெயில் வந்ததும் பச்சை பிடிச்சுக்கும். மருந்தே வேண்டாம்."

அவர் போய்விட்டார். இருபது வருஷத்தில் குளிரில் வெளுத்த நெல்லை நம் பக்கத்தில் யாரும் என் மேசை மேல் போட்டதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வயலுக்குப் பக்கத்தில் நின்றபோது நானே மங்கி குல்லாவோடுதான் நின்றேன். இயற்கை விவசாயி என்று சொன்னதும் பொய். அதை மறந்து உரக்கடைக்காரனாக ஒரே ஒரு நிமிஷம் நின்று சொன்னதும் தப்பு. அந்தத் தோட்டக்காரர் இரண்டையும் நம்பிவிட்டார்.

அன்று மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டேன்.

"தஞ்சாவூர்லேருந்து பேசறேங்க. லாட்ஜுக்கு வந்திருந்தேனே."

"இயற்கை விவசாயி சாரா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இல்லீங்க. உரக்கடை. நீடாமங்கலத்துல உரக்கடை வச்சிருக்கேன், மருந்தும் விக்கிறேன். அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. அது நோய் இல்ல, குளிரு. சாயங்காலமா தண்ணிய ஏத்திக் கட்டுங்க, போதும். அடிச்சிட்டீங்களா?"

"நேத்துத்தான் வாங்கி வச்சேன் சார். இன்னைக்குச் சாயங்காலம் அடிக்கலாம்னு இருந்தேன்."

"பிரிச்சிடாதீங்க. அந்தக் கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க."

இருபது வருஷத்தில் ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்க்கடைக்காரர் கேட்டிருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பார்.

"சரி சார்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "உரக்கடைன்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார். உங்க பையன் பெட்டி ஏத்தறப்ப முதுகுல புழு கெடந்துச்சே."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"எல்லாரும்தான்."

"அந்த நேச்சுரலிஸ்ட் தம்பி?"

"அவருதான் சார் எங்களுக்குக் காட்டினாரு. அப்புறம் அந்தச் சாணி எழுதின பக்கத்தக் கிழிச்சாரு. பலகையில எழுதினத மட்டும் அழிக்க வேண்டாம்னுட்டாரு. சார் நல்லாத்தான் பேசினாருன்னாரு."

போனை வைத்தேன். தெருவில் ஒரு டிராக்டர் போயிற்று, அதன் நிழல் ஷட்டருக்குக் கீழே வந்து போயிற்று. மேசை டிராயரைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்தேன். யார் கண்ணிலும் படாமல் பில் புத்தகங்களுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். பேனாவால் அடிக்கலாமா என்று பார்த்தேன், தாள் வழவழவென்று இருந்தது, பேனா பிடிக்கவில்லை. கடை ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, மைப்பெட்டியில் இரண்டு தடவை அழுத்தி, "இயற்கை விவசாயி" மேல் நேராக வைத்துக் குத்தினேன். கடைப் பெயர், உரம் மற்றும் பூச்சிமருந்து விற்பனை, நீடாமங்கலம். லைசென்ஸ் எண்கூடத் தெளிவாக விழுந்தது. மை காயும்வரை ஊதினேன். பிறகு சுவரில் லைசென்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, நீ முக்காலியில் உட்கார்ந்தால் தெரிகிற மாதிரி மாட்டினேன்.